எறும்பு செய்யும் ஆபரேஷன்... நாம் கழுவாத கை!

சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறிவிட்டால் என்ன செய்வோம்? டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் வைப்போம். சுவர் ஓரமாக வரிசை போட்டால் மஞ்சள் தூளைத் தூவுவோம். அதற்கு மேல் எறும்பைப் பற்றி யோசிக்க நமக்கு நேரம் ஏது?

ஆனால் அதில் ஒரு ஜாதி எறும்பு, காலில் அடிபட்ட இன்னொரு எறும்புக்கு அந்தக் காலையே எடுத்து ஆபரேஷன் செய்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவும் எல்லா அடிக்கும் அல்ல. அடி எந்த இடத்தில் பட்டிருக்கிறது என்று பார்த்து, "இதற்குக் கழுவினால் போதும், இதற்குக் காலை எடுத்தால்தான் உயிர் தங்கும்" என்று பிரித்துப் பார்த்துச் செய்கிறது!

"சித்த வைத்தியர் எதற்கு எறும்புக் கதை சொல்கிறார்?" என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. காரணம் இருக்கிறது. ஆபரேஷன் நன்றாக முடிந்து, "பேஷன்ட் நல்லா இருக்கார்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, நாலாம் நாள் தையலில் சீழ் வைத்து அவதிப்பட்டவர்கள் நம் சொந்தபந்தத்தில் ஒருவராவது இருப்பார்கள். அந்தச் சீழ் எங்கிருந்து வந்தது, அதைத் தடுக்க நம்மால் என்ன முடியும் என்பதுதான் இந்தப் பாடம். எறும்பு இதில் நமக்கு முதல் வாத்தியார்.

கழுவினால் போதுமா, காலை எடுக்க வேண்டுமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா பகுதியில் ஒரு தச்செறும்பு வகை உண்டு. மக்கிப்போன மரத்தில் கூடு கட்டும். பக்கத்துக் கூட்டத்தோடு அடிக்கடி சண்டை. சண்டை என்றால் கால் போவது சகஜம். இந்த எறும்புகளை ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் எரிக் ஃபிராங்க்கும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 2024 ஜூலையில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அவர்கள் பார்த்தது இதுதான். எறும்பின் காலிலும் நம்மைப் போலவே தொடை, கெண்டைப் பகுதி என்று தனித்தனிப் பாகங்கள் உண்டு. தொடையில் அடிபட்டால், தோழி எறும்பு முதலில் காயத்தை வாயால் நக்கிச் சுத்தம் செய்கிறது. பிறகு மெல்ல மேலே நகர்ந்து, கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கடித்துக் காலைத் துண்டித்துவிடுகிறது. இதற்குக் குறைந்தது 40 நிமிடம் ஆகிறது. அடிபட்ட எறும்பு ஓடுவதில்லை, திமிறுவதில்லை. அசையாமல் காலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது! கெண்டைப் பகுதியில் அடிபட்டாலோ, ஆபரேஷனே கிடையாது. நீண்ட நேரம் நக்கிச் சுத்தம் செய்வதோடு சரி.

பலன் என்ன? தொடையில் கிருமி புகுந்த காயத்தோடு தனியே விடப்பட்ட எறும்புகளில் நூற்றுக்கு 40கூடப் பிழைக்கவில்லை. காலை எடுத்த பிறகு 90க்கு மேல் பிழைத்தன. கெண்டைக் காயத்தில் தனியே விடப்பட்டவை நூற்றுக்கு 15தான் தேறின. சுத்தம் மட்டும் செய்யப்பட்டவை 75 தேறின.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெண்டைக் காயத்துக்கும் காலை எடுத்தால் இன்னும் நல்லதுதானே? ஆராய்ச்சியாளர்களே எடுத்துப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. ஏன்? எறும்பின் தொடை முழுக்கத் தசை. நம் ரத்தம் போல அதன் உடம்பில் ஓடும் திரவத்தை ஓட்டிவிட அந்தத் தசைகள் உதவுகின்றன. தொடைத் தசை சிதைந்தால் ஓட்டம் மந்தமாகிறது. கிருமியும் மெதுவாகத்தான் உடம்புக்குள் ஏறும். 40 நிமிட ஆபரேஷனுக்கு அவகாசம் கிடைக்கிறது. கெண்டையில் அப்படித் தசை அதிகம் இல்லை. கிருமி சட்டென்று மேலே போய்விடும். காலை எடுத்து முடிப்பதற்குள் விஷயம் கைமீறிவிடும். அதனால் அங்கே உடனடிச் சுத்தம்தான் வைத்தியம்.

புண்ணில் கிருமி சேர்ந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். ஆஸ்பத்திரியில் சர்ஜன் அவசரப்படுத்தும்போது, "நல்ல நாள் பார்த்துச் செய்யலாமே" என்று இழுக்கிறோமே, அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த மருந்துக்கடை

இதே எரிக் ஃபிராங்க் அதற்கு முன்பே ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில், கோமோயே தேசியப் பூங்காவில், மாட்டபிலி என்ற பெரிய எறும்பை ஆராய்ந்தவர். இவற்றின் சாப்பாடே கறையான்தான். படை திரட்டிக்கொண்டு கறையான் புற்றுக்குப் போகும். கறையானின் சிப்பாய்கள் சும்மா விடுமா? கால்களைக் கடித்துத் துண்டாக்கிவிடும். சண்டை முடிந்ததும், அடிபட்ட எறும்பு ஒரு வாசனையைக் கிளப்பும். தோழர்கள் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குத் திரும்புவார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, கூட்டில் வைத்துக் காயம் நக்கப்படாத எறும்புகளில் சுமார் 80 சதவீதம் ஒரே நாளில் இறந்தன. நக்கிச் சுத்தம் செய்யப்பட்டவற்றில் இறந்தது 10 சதவீதம்தான்.

2023 டிசம்பரில் வந்த அடுத்த முடிவு அதைவிட ஆச்சரியம். எந்தப் புண்ணில் கிருமி புகுந்திருக்கிறது, எது வெறும் காயம் என்பதை இந்த எறும்புகள் உடம்பின் மேற்பூச்சு வாசனை மாறுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுகின்றன. கிருமி இருந்தால், மார்பின் பக்கவாட்டில் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் நீரை எடுத்துப் புண்ணில் பூசுகின்றன. அந்த நீரில் 112 பொருட்கள் இருப்பதாகவும், அவற்றில் பாதிக்குக் கிருமியை அடக்கும் அல்லது புண்ணை ஆற்றும் குணம் இருப்பதாகவும் கண்டார்கள். இந்த வைத்தியத்தால் கிருமிப் புண்ணால் வரும் சாவு சுமார் 90 சதவீதம் குறைந்தது.

அந்தக் கிருமியின் பெயரைக் கேளுங்கள்: சூடோமோனாஸ் ஏருஜினோசா. எறும்புப் புண்ணை அழுக வைக்கும் இதே இனக் கிருமிதான் நம் ஆஸ்பத்திரிகளில் தீக்காய வார்டிலும், வென்டிலேட்டர் போட்ட நோயாளியிடமும், ஈரம் தங்கும் வாஷ்பேசின் குழாய்களிலும் குடியிருந்து டாக்டர்களைத் திணறடிக்கிறது. பல மருந்துகளுக்கு அடங்காத அதன் வகையை, உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட முக்கியக் கிருமிகள் பட்டியலிலும் சேர்த்திருக்கிறது.

குரங்கின் பச்சிலைப் பற்று

எறும்போடு முடியவில்லை. இந்தோனேஷியாவின் சுமத்ரா காட்டில், 2022 ஜூனில், ராகுஸ் என்ற ஒராங்குட்டான் கன்னத்தில் பெரிய காயத்தோடு திரிந்தது. ஒரு கொடியின் இலையை மென்று, சாற்றைக் காயத்தில் பலமுறை தடவியது. கடைசியில் மென்ற இலையையே பற்றுப் போட்டது. ஐந்து நாளில் காயம் மூடிக்கொண்டது. 2024 மே மாதம் இந்தச் செய்தி வெளியானபோது ஒரு சித்த மருத்துவனாக எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. காரணம், அந்தக் கொடி நம் சீந்தில், மரமஞ்சள் இரண்டும் சேர்ந்த அதே தாவரக் குடும்பம்! மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் வகைச் சத்துகள் அந்தக் கொடியிலும் உண்டு.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இது ஒரே ஒரு குரங்கு, ஒரே ஒரு காயம். இலை வைக்காமல் விட்டிருந்தால் எப்படி ஆறியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. "குரங்கே பச்சிலை வைத்துக்கொள்கிறது, நமக்கு எதற்கு ஆஸ்பத்திரி?" என்று யாராவது கிளம்பினால், அது ஆராய்ச்சியும் அல்ல, சித்த மருத்துவமும் அல்ல.

கீரிப்பிள்ளை கதையும் இப்படித்தான். பாம்போடு சண்டை போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு மூலிகையைத் தின்று விஷத்தை முறிக்கும் என்று நாம் கேட்டே வளர்ந்தோம். உண்மையில், நாகத்தின் விஷம் போய் ஒட்டிக்கொள்ளும் நரம்பு வாயிலின் அமைப்பே கீரிக்கு வேறு மாதிரி. அதனால்தான் அந்த விஷம் அதை எளிதில் வீழ்த்துவதில்லை. கீரியைப் பார்த்து மூலிகை தேடிப் போன பாம்புக்கடிக்காரர் பிழைக்க மாட்டார். அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரியும் விஷமுறிவு ஊசியும்தான்.

எறும்புக்கும் அறுவைக்கும் நம் நாட்டில் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. சுஸ்ருத சம்ஹிதையில், கிழிந்த குடலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பெறும்புகளைக் கடிக்கவிட்டு, தலையை மட்டும் விட்டுவிட்டு உடம்பைக் கிள்ளி எடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. எறும்பின் தலையே தையல்!

மனிதன் கை கழுவக் கற்றுக்கொண்ட கதை

எறும்புக்குத் தெரிந்த சுத்தம், மனித டாக்டர்களுக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? இன்னும் 200 வருஷம்கூட ஆகவில்லை.

ஆஸ்திரியாவின் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். டாக்டர்கள் வார்டில்தான் ஜன்னி கண்டு தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். 1846-ல் அங்கே நூற்றுக்கு 11 பேருக்கு மேல். மருத்துவச்சிகள் வார்டில் 3 பேருக்கும் குறைவு. "என்னை அந்த வார்டில் சேர்க்காதீர்கள்" என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்களாம்.

இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற இளம் டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டார். 1847-ல் அவருடைய நண்பரான ஒரு பேராசிரியர், பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, அதே ஜன்னியின் அறிகுறிகளோடு இறந்துபோனார். அப்போதுதான் பொறி தட்டியது. மாணவர்கள் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள்! அந்த மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் வார்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. "எங்கள் கை அழுக்கா?" என்று பெரிய டாக்டர்களுக்குக் கோபம். கிருமி என்றால் என்ன என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. செம்மல்வெய்ஸ் 1865-ல் ஒரு மனநல விடுதியில், புண்ணில் நஞ்சேறி இறந்தார். வயது 47.

அவர் இறந்த அதே 1865 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற சர்ஜனிடம் 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு காயமாகியிருந்தது. அன்றைய வழக்கப்படி இப்படிப்பட்ட காலை எடுத்துவிடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. லிஸ்டரோ, பாஸ்டரின் கிருமி ஆராய்ச்சியைப் படித்திருந்தவர். கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தைக் கட்டினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. பையன் காலோடு வீடு போனான்.

காலை எடுத்தே தீரவேண்டிய நோயாளிகளின் கணக்கையும் லிஸ்டர் வெளியிட்டார். கிருமிநாசினி வருவதற்கு முன், 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். வந்த பிறகு, 40 பேரில் 6 பேர். சர்ஜன் அவரேதான். மாறியது சுத்தம் ஒன்றுதான்.

இன்றைக்கு நிலைமை என்ன?

"அதெல்லாம் பழைய கதை டாக்டர், இப்போதுதான் ஏசி தியேட்டர், கண்ணாடிக் கதவு எல்லாம் வந்துவிட்டதே" என்கிறீர்களா?

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவமனைகளில் சேரும் ஒவ்வொரு 100 பேரிலும், வசதியான நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் ஆஸ்பத்திரியிலேயே புதிதாக ஒரு தொற்றாவது ஒட்டிக்கொள்கிறது. அப்படித் தொற்று கண்டவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். கை சுத்தம் போன்ற எளிய முறைகளைச் சரியாகப் பின்பற்றினால், இதில் 70 சதவீதம் வரை தடுக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இந்தத் தொற்று பெரும்பாலும் நாலு வாசல் வழியாக வருகிறது: ஆபரேஷன் தையல், சிறுநீர்க் குழாய், ரத்தக் குழாயில் ஏற்றிய ஊசிக் குழாய், மூச்சுக்கு வைத்த குழாய். கிருமியை ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முக்கிய வாகனம், மனிதக் கை. டாக்டர் கை, நர்ஸ் கை மட்டுமல்ல... ஆர்லிக்ஸ் கலக்கிக் கொடுக்கும் நம் கையும்தான்!

சர்க்கரைக் கால்: சித்த மருத்துவன் சொல்கிறேன்

என் மருத்துவமனைக்கு ஒரு பெரியவரை மகன் அழைத்து வந்தார். பல வருஷ மதுமேகம், அதாவது சர்க்கரை. கால் பெருவிரல் கறுத்து, நாற்றம் அடித்தது. பாதத்தில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் வேறு.

"ஐயா, பெரிய ஆஸ்பத்திரியில விரலை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. கத்தி வைக்க வேணாம்னு அப்பா அழறாரு. நீங்க எப்படியாவது பச்சிலையிலேயே ஆத்திக் குடுத்துடுங்க" என்றார் மகன்.

"தம்பி, மேலாக இருக்கிற ரணத்துக்கு எங்கிட்ட மத்தன் தைலம் இருக்கு. ஆனா கறுத்துச் செத்துப்போன விரலுக்கு உயிர் குடுக்க எந்தத் தைலத்தாலும் முடியாது. இன்னைக்கு விரலைக் குடுத்தா கால் மிஞ்சும். இழுத்துக்கிட்டே போனா முழங்காலுக்குக் கீழே போயிடும். இப்பவே வண்டியைத் திருப்புங்க" என்றேன். பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். அன்று மாலையே ஆபரேஷன். இரண்டு விரல் போயிற்று. கால் தங்கியது. இன்று செருப்புப் போட்டு நடக்கிறார்.

பச்சிலைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தெரிந்து நோயாளியை அனுப்பி வைப்பதும் வைத்தியம்தான். சர்க்கரை உள்ளவர் வீட்டில் கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி:

• புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், வீக்கம், சூடு
• விரல் கறுத்தல், அழுகல் நாற்றம், அமுக்கினால் காற்று இருப்பது போல் நறநறத்தல்
• காய்ச்சல், குளிர் நடுக்கம், மயக்கக் கலக்கம்
• வலியே இல்லாத புண் (இதுதான் மிக மோசம்! நரம்பு மரத்துவிட்டது என்று பொருள்)

அவர்கள் தினமும் இரவு பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவர் பார்க்கலாம். வெந்நீரில் காலை ஊற வைக்கக்கூடாது. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முன்

• முதல் நாள் இரவோ, அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள்.

• ஆபரேஷன் செய்யும் இடத்தில் உள்ள முடியை வீட்டில் பிளேடால் மழித்துக்கொண்டு போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். அவசியம் என்றால், கிளிப்பர் கொண்டு ஆஸ்பத்திரியிலேயே கத்தரிப்பார்கள்.

• சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்தினால் புண் சீக்கிரம் ஆறும்.

• இது மிக முக்கியம். நீங்கள் சாப்பிடும் சித்த, ஆயுர்வேத மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை எல்லாவற்றையும் சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். "திட்டுவாரோ" என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர். பூண்டு போன்ற சில பொருட்களை மருந்தளவில் சாப்பிட்டால், ரத்தம் உறைவது தாமதமாகலாம். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

வார்டில் இருக்கும்போது

• நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, கை காயும்வரை தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான்.

• நர்ஸம்மாவிடம், "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். சிரித்த முகத்தோடு, "சிஸ்டர், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, பயமா இருக்கு, கொஞ்சம் கை சுத்தம் பண்ணிட்டுத் தொடுங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

• "இந்தச் சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா? எப்போது எடுப்பீர்கள்?" என்று தினமும் டாக்டரிடம் கேளுங்கள். குழாய் எத்தனை நாள் கூடுகிறதோ, அத்தனை ஆபத்து கூடும். மூத்திரப் பையை இடுப்புக்கு மேலே தூக்காதீர்கள், தரையிலும் போடாதீர்கள்.

• பார்க்க வருகிறவர்களைக் குறையுங்கள். இதற்கும் எறும்பிடம் பாடம் இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பூஞ்சைக் கிருமி பட்ட தோட்டத்து எறும்புகள் தாங்களாகவே மற்றவற்றிடமிருந்து விலகி இருந்தன. மற்ற எறும்புகளும் தங்களுக்குள் நெருக்கத்தைக் குறைத்துக்கொண்டன. அதனால் ராணி எறும்பு பாதுகாக்கப்பட்டது. நாமோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, ஆப்பிள் பையோடு கிளம்பிவிடுகிறோம். பிறகு நோயாளியின் கட்டில் மேலேயே உட்காருகிறோம். சளி, இருமல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் போன் பண்ணி விசாரித்தால் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

• தையல் போட்ட இடத்தில் மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், விபூதி எதுவும் வேண்டாம். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடையில் வாங்கிய தூளில் மண்ணும் கிருமியும் கலந்திருக்கலாம். புண்ணில் வைக்கும் சித்த மருந்து எதுவானாலும் மருத்துவர் நேரில் பார்த்துத் தர வேண்டும்.

• பிறந்த குழந்தையின் தொப்புளுக்கும் இதே விதிதான். சுத்தமாக, உலர்வாக விடுங்கள். சாணமும் சாம்பலும் வைத்த காலத்தில் எத்தனையோ பச்சைக் குழந்தைகள் ரணஜன்னியில் போயின. தாய்மார்களுக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் வந்ததால்தான், 2015-ல் தாய்சேய் ரணஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது.

• தையலில் சிவப்பு, சூடு, சீழ், வாய் பிளத்தல், காய்ச்சல் என்று எது வந்தாலும் உடனே சர்ஜனிடம் காட்டுங்கள். ஆபரேஷன் முடிந்து 30 நாள் வரைகூட இது வரலாம். உள்ளே கம்பி, மூட்டு வைத்தவர்கள் 90 நாள்வரை கவனமாக இருக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக்: கடைசியில் ஒரு வார்த்தை

"ஆபரேஷன் ஆயிடுச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் பத்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. தடுப்புக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை, கத்தி வைப்பதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பதுதான் முறை. முடிந்த பிறகு சும்மா நீட்டிப்பதால் பயன் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உண்மையிலேயே தொற்று இருந்தால், டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த மாத்திரை வேண்டாம். மருந்துக்குப் பழகிப்போன கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்துவிட்டார்.

சித்தம், ஆங்கில மருத்துவம் எதுவானாலும் புண்ணுக்கு முதல் மருந்து சுத்தம், இரண்டாவது மருந்து காலதாமதம் செய்யாதது. இரண்டுக்கும் காசு அதிகம் ஆகாது.

இந்த வாரம் யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறீர்களா? வாசலிலோ, வார்டுக் கதவிலோ கை கழுவும் திரவம் வைத்திருப்பார்கள். பழப் பையை இடது கையில் மாட்டிக்கொண்டு அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். பையைக் கீழே வையுங்கள். இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு உள்ளே போங்கள்.